குமிழி வரலையே! பீர் வாளிக்குள் முதல் நாள் என்னதான் நடக்கிறது?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு, அடுப்பு முன்னால் நிற்கிற ஐந்து மணி நேரம் பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் மறுநாள் காலையில்தான் ஆரம்பிக்கிறது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இது சனி, ஞாயிறு பொழுதுபோக்கு. முளைகட்டிக் காயவைத்த பார்லியின் இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். ஆறவைத்து, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றுகிறார்கள். மேலே ஒரு பாக்கெட் ஈஸ்ட். பிரிட்டன் கடைகளில் விற்கும் வழக்கமான 'கிட்' ஒன்றுக்கு 40 பைன்ட், அதாவது சுமார் 23 லிட்டர் வரும். அமெரிக்காவில் 5 கேலன், சுமார் 19 லிட்டர்.

வாளி மூடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதில் ஒரு வளைந்த பிளாஸ்டிக் குழாயைச் செருகி, பாதி அளவு தண்ணீர் ஊற்றிவைப்பார்கள். 'ஏர்லாக்' என்று பெயர். உள்ளே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் மாற்றும்போது, அந்த வாயு இந்தத் தண்ணீர் வழியாக 'ப்ளப்... ப்ளப்...' என்று வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது. வீட்டுக்குள் கேட்கிற இந்த 'ப்ளப்' சத்தத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

காலையில் எழுந்து பார்த்தால் குழாயில் தண்ணீர் ஆடாமல் அசையாமல் இருக்கிறது. சாயங்காலமும் அப்படியே. இரண்டாவது நாள் விடிகிறது. காதை வைத்துக் கேட்டாலும் சத்தமில்லை. 'ஈஸ்ட் செத்துப்போச்சா?'

முதன்முறை காய்ச்சுகிற அநேகம் பேர் இந்தக் கேள்வியைக் கடந்துதான் வருகிறார்கள். அவர்கள் தவிப்பதில் நியாயமும் இருக்கிறது. அது வெறும் காத்திருப்பு இல்லை. உள்ளே ஒரு பந்தயம் நடந்துகொண்டிருக்கிறது.

(ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். எனவே இது செய்முறைக் குறிப்பு அல்ல. ஒரு நுண்ணுயிரி கண்விழிக்கிற கதை. பிரிட்டனிலேயே 1963 வரை வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் மத்திய அரசின் தடை விலகியது. அலபாமா, மிஸிஸிப்பி ஆகிய இரண்டு மாநிலங்கள் 2013 வரை விடாப்பிடியாக நின்றன.)

பந்தயத்தில் யார் யார்?

கொதித்து ஆறிய பார்லி சாறு என்பது, இனிப்பான, வெதுவெதுப்பான, சத்து நிறைந்த தண்ணீர். ஈஸ்ட்டுக்கு அது விருந்து என்றால், காற்றில் மிதந்து வருகிற பாக்டீரியாவுக்கும் அது விருந்துதான். பந்தியில் யார் முதலில் உட்காருகிறார்களோ அவர்களுக்கே இலை.

ஈஸ்ட் முதலில் உட்கார்ந்துவிட்டால் கவலையில்லை. அது வேலையைத் தொடங்கியதும் சாற்றின் புளிப்பு ஏறும். ஆரம்பத்தில் 5.2, 5.3 என்று இருக்கிற பி.ஹெச். அளவு 4.5-க்குக் கீழே இறங்கும். ஆல்கஹால் சேரும். ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஹாப்ஸின் கசப்பும் ஒரு பக்கம் காவல் நிற்கும். இவ்வளவையும் தாண்டி வாழ்கிற பாக்டீரியா வெகு சில. ஆனால், இந்த வேலி எழும்புகிற வரை அந்த 20 லிட்டரும் திறந்த வீடு. ஈஸ்ட் தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் வேறு யாருக்கோ கிடைக்கிற அவகாசம்.

சரி, ஈஸ்ட் ஏன் தாமதிக்கிறது?

தூங்குவதால் அல்ல. பாக்கெட்டில் இருப்பது, ஈரம் முழுக்க உறிஞ்சப்பட்டு, சுருங்கிக் கிடக்கிற உயிர்ச் செல்கள். ஒரு கிராமில் 600 கோடிக்குக் குறையாமல் இருக்கும். தண்ணீர் பட்டதும் முதல் வேலை, உப்பி எழுவது. அந்தச் சில நிமிடங்களில் செல்லின் மேலுறைக்கு எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்ற விவஸ்தை இருக்காது. அதனால்தான் சில தயாரிப்பாளர்கள், இனிப்புச் சாற்றில் நேரடியாகக் கொட்டாமல் முதலில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். நேராகத் தூவினாலே போதும் என்கிற தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். எந்த பாக்கெட்டோ, அதன் முதுகில் எழுதியிருப்பதைக் கேட்பது உத்தமம்.

அடுத்தது சமையல் சாமான் சேகரிப்பு. பார்லி சாற்றில் அதிகம் இருப்பது மால்டோஸ் என்ற சர்க்கரை. அதை உள்ளே இழுத்து உடைப்பதற்கான கருவிகளை, அதாவது என்சைம்களை, செல் தயாரித்துக்கொள்ள வேண்டும். கூடவே, கரைந்திருக்கிற ஆக்சிஜனை வேகவேகமாக உறிஞ்சுகிறது. எதற்கு? செல்லின் உறையில் வைத்துக் கட்டுவதற்கான கொழுப்புப் பொருள்களை உருவாக்குவதற்கு. ஆக்சிஜன் இல்லாமல் அந்தக் கொழுப்பை ஈஸ்ட்டால் செய்துகொள்ள முடியாது.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஈஸ்ட் செல் பெருகுவது மொட்டு விட்டு. தாயின் மேல் ஒரு சின்ன முண்டு தோன்றி, வளர்ந்து, மகளாகப் பிரியும். பிரியும்போது தாய் தன்னிடம் இருக்கிற கொழுப்பில் பங்கு கொடுத்து அனுப்புகிறது. மகள் தன் மகளுக்கு அதிலிருந்து பங்கு. சேமிப்பு இல்லாத குடும்பத்தில் நாலாவது தலைமுறைக்கு என்ன மிஞ்சும்? உறை மெலிந்து, பெருகுவது நின்றுவிடும். அரைகுறையாக நொதித்து, இனிப்பு தங்கிப்போன பீர்தான் கிடைக்கும்.

ஆக, ஒரு குமிழிகூட வராத அந்த முதல் அரை நாளில் ஈஸ்ட் சும்மா இருக்கவில்லை. மளிகை வாங்கி, அடுப்பு பற்றவைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறது.

அது சமைக்கத் தொடங்கினாலும் உடனே சத்தம் வராது. கார்பன் டை ஆக்ஸைடு முதலில் சாற்றிலேயே கரையும். சாதாரண அறை வெப்பத்தில் 20 லிட்டர் சாறு, கிட்டத்தட்ட தன் கொள்ளளவு வாயுவைத் தனக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும். அது நிரம்பி வழிந்த பிறகுதான் ஏர்லாக்கில் முதல் 'ப்ளப்'. 12 மணி நேரம், 24 மணி நேரம் எல்லாம் சகஜம். குளிர்ச்சியில் நொதிக்கிற 'லாகர்' வகைக்கு 48 மணி நேரம்கூட ஆகலாம்.

"வாய் வழியே சர்க்கரை..."

ஈஸ்ட்டுக்கு உயிர் இருக்கிறது என்பதையே மனிதர்கள் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆனது. 1516-ல் ஜெர்மனியின் பவேரியாவில் வந்த புகழ்பெற்ற பீர் தூய்மைச் சட்டம், பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஈஸ்ட் பெயரே அந்தப் பட்டியலில் இல்லை. 1680-ல் டச்சுக்காரர் லீவன்ஹூக் தன் நுண்ணோக்கியில் பீரின் உருண்டைகளைப் பார்த்தார். அவை உயிருள்ளவை என்று அவருக்குத் தோன்றவில்லை. 1837 வாக்கில் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் மூன்று பேர் தனித்தனியாக, 'இது வளர்கிறது, பெருகுகிறது, இது உயிர்தான்' என்று எழுதினார்கள்.

வேதியியல் மேதைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 1839-ல் லீபிக், வோலர் என்ற இரண்டு ஜெர்மன் ஜாம்பவான்கள் நடத்திய ஆய்விதழில், பெயர் போடாமல் ஒரு நக்கல் கட்டுரை வெளியானது. ஈஸ்ட் என்பது சாராயம் வடிக்கும் குடுவை வடிவில் இருக்கிற குட்டி விலங்கு. வாய் வழியே சர்க்கரையை விழுங்கும். பின்பக்கமாக ஆல்கஹாலையும், சிறுநீர்ப் பாதை வழியே வாயுவையும் வெளியேற்றும் என்ற ரீதியில் போனது அந்தக் கட்டுரை. கிண்டலுக்காக எழுதியது. ஆனால், சர்க்கரை உள்ளே, ஆல்கஹாலும் வாயுவும் வெளியே என்ற கணக்கு மட்டும் அச்சு அசலாகச் சரி!

நொதித்தல் கெட்டுப்போகிற தவிப்பு, வீட்டு வாளிக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. 1856-ல் பிரான்ஸின் லீல் நகரில், பீட்ரூட் சாற்றிலிருந்து ஆல்கஹால் எடுக்கிற ஆலை முதலாளி ஒருவர் இதே கவலையோடு ஒரு பேராசிரியரிடம் வந்தார். சில தொட்டிகளில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, சில தொட்டிகள் புளித்துப் பாழாகின்றன, ஏன் என்று தெரியவில்லை. முதலாளியின் மகன் அந்தப் பேராசிரியரின் மாணவன். பேராசிரியர், லூயி பாஸ்டர். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையான ஈஸ்ட். கெட்ட தொட்டியில் நீள நீளமான வேறு ஏதோ. அந்த 'வேறு ஏதோ'வைத் துரத்திக்கொண்டு போனதில்தான், பின்னாளில் பால் முதல் அறுவை சிகிச்சை வரை உலகம் மாறியது. பாஸ்டர் 1876-ல் பீரைப் பற்றியே தனியாக ஒரு பெரிய புத்தகம் எழுதினார்.

டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் நிறுவனர் ஜேக்கப்சன், 1845-ல் ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து ஈஸ்ட்டை வாங்கி, குதிரை வண்டியில் கோபன்ஹேகன் வரை கொண்டுவந்தார். வண்டி நின்ற இடங்களிலெல்லாம் பாத்திரத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்ததாகச் சொல்வார்கள். அப்படிப் பொத்திப் பொத்திக் காத்த ஆலையிலேயே 1883-ல் பீர் கெட்டது. அங்கே பணிபுரிந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஆராய்ந்து பார்த்தால், உள்ளே இருந்தது ஒரே ஈஸ்ட் அல்ல. நல்லதோடு, எங்கிருந்தோ வந்த காட்டு ஈஸ்ட்டும் கலந்திருந்தது. பந்தியில் யார் உட்கார்கிறார்கள் என்பதை அதிர்ஷ்டத்துக்கு விடக்கூடாது என்று முடிவெடுத்த அவர், ஒற்றைச் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து ஒரு தூய வம்சத்தையே வளர்த்தார். ஜேக்கப்சன் அதைப் பூட்டிவைக்காமல், கேட்ட ஆலைகளுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். இதே கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில்தான் 1909-ல் சோரன்சென், பி.ஹெச். அளவுகோலை உருவாக்கினார். பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாளோடு மல்லுக்கட்டிய எல்லோருக்கும் பீர் ஆலையோடு ஒரு தூரத்து உறவு உண்டு!

வில்லன், மூடிதான்

வீட்டு வாளிக்கு வருவோம். குமிழி வராததற்கு மிகச் சாதாரணமான காரணம், யாரும் முதலில் சந்தேகப்படாத ஒன்று. மூடி சரியாக மூடவில்லை. பிளாஸ்டிக் வாளியின் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், வாயு அந்த வழியாகச் சத்தமில்லாமல் போய்விடும். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குழாய் வழியே வர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. உள்ளே நுரை பொங்கி, பீர் பாதி தயாராகியிருக்கும். வெளியே ஒருவர், 'செத்துப்போச்சு' என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்.

அடுத்த சந்தேகம் குளிர். 'ஏல்' வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் தோது. பிரிட்டனின் ஜனவரியில், இரவு ஹீட்டரை அணைத்த வீட்டில், அறையின் வெப்பம் அதைவிட நன்றாகவே இறங்கிவிடும். ஈஸ்ட் வேலையைக் குறைத்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே பலர் வாளியைப் போர்வையால் சுற்றுவார்கள். அல்லது, துணி காயவைக்க வெந்நீர்த் தொட்டியோடு கட்டப்பட்ட கதகதப்பான அலமாரிக்குள் வைப்பார்கள். இட்லி மாவு பொங்காத மார்கழியில் பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்துகிற வீடுகளுக்கும், டொரன்டோ குளிரில் ஓவன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே மாவை வைக்கிற வீடுகளுக்கும் இது புரியும். ஒரு வித்தியாசம்: இட்லி மாவைப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு ஈஸ்ட்டுக்கு அல்ல, 'லூக்கோனோஸ்டாக்' என்ற பாக்டீரியாவுக்கு. பீர்க்காரர் துரத்துகிற பாக்டீரியா கூட்டத்தின் சொந்தக்காரரை, நம் வீட்டில் கும்பிட்டுக் கூப்பிடுகிறோம்.

அவசரக்காரர்கள் செய்வது இதற்கு நேர் எதிரான தப்பு. சாறு முழுக்க ஆறுவதற்குள் ஈஸ்ட்டைக் கொட்டிவிடுவது. கை பொறுக்காத சூட்டில் விழுந்த ஈஸ்ட் பிழைக்காது. 50 டிகிரியைத் தாண்டினால் கதை முடிந்தது. வாளியைக் கழுவிய பிளீச்சிங் திரவத்தைச் சரியாக அலசாமல் விட்டாலும் இதே கதிதான். கிருமியைக் கொல்ல ஊற்றியதற்கு, எது நல்ல கிருமி என்று தெரியாதே!

எண்ணிக்கையும் முக்கியம். தனியாக விற்கும் ஈஸ்ட் பாக்கெட் பெரும்பாலும் 11 கிராம். சில கிட்களின் மூடிக்குள் ஒட்டிவைத்திருப்பது 5, 6 கிராம்தான். பாதி ஆட்களோடு தொடங்கினால், முழுப் படை சேர இன்னொரு தலைமுறை பிறக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டே கடை அலமாரியில் ஒரு கோடையைக் கழித்திருந்தால், உள்ளே இருக்கிறவர்களில் எத்தனை பேர் எழுந்திருப்பார்களோ! ஈஸ்ட்டின் ஆயுள் எங்கே, எப்படி வைத்தோம் என்பதைப் பொறுத்தது. குளிர்ந்த இருட்டில் அது காட்டுகிற பொறுமை அபாரமானது. கார்ல்ஸ்பெர்க் ஆலையின் நிலவறையில் 2013-ல் கிடைத்த, 1883-ஐச் சேர்ந்த பாட்டில் ஒன்றில், இன்னும் உயிரோடிருந்த ஈஸ்ட் செல்களைக் கண்டெடுத்ததாக அவர்களுடைய ஆய்வகம் அறிவித்தது. அதை வளர்த்து 2016-ல் பீரும் காய்ச்சினார்கள்.

கொதிக்கவைத்த சாற்றில் ஆக்சிஜன் இருக்காது என்பது இன்னொரு காரணம். அதற்காகத்தான் ஆறிய சாற்றை வாளியில் ஊற்றும்போது, டீ ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து நுரை பொங்க ஊற்றுகிறார்கள். ஆனால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிய பிறகு இதே காரியத்தைச் செய்தால், பீரில் ஈர அட்டைப்பெட்டி வாசனை ஏறிவிடும். ஆக்சிஜன் முதல் நாள் விருந்தாளி. அதற்கப்புறம் வந்தால் திருடன்.

மிதக்கிற கண்ணாடிக் குச்சி

இத்தனை சந்தேகத்துக்கும் ஒரே சாட்சி, ஹைட்ரோமீட்டர். பால்காரரிடம் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற லாக்டோமீட்டரின் உடன்பிறப்பு. சாற்றில் சர்க்கரை அதிகமிருந்தால் உயர்ந்து மிதக்கும். குறையக் குறைய அமிழும். வெறும் தண்ணீருக்கு 1.000 என்று காட்டும். ஈஸ்ட் போடுவதற்கு முன் 1.045 என்று இருந்த சாறு, இரண்டு நாள் கழித்து 1.030 என்று காட்டினால், ஏர்லாக் என்ன சொன்னாலும் சரி, உள்ளே வேலை நடக்கிறது. முதல் நாள் எடுத்து எழுதிவைக்காதவர்களுக்கு இந்தச் சாட்சியால் பாதிப் பலன்தான்.

குச்சியை நம்பாமல் கண்ணை நம்புகிறவர்கள் செய்வது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பது. ஈஸ்ட் இன்னும் வேலி கட்டாத நேரத்தில், ஒவ்வொரு திறப்பும் தூசிக்கும் பாக்டீரியாவுக்கும் அழைப்பிதழ். தாமதமாகத் தொடங்கிய ஈஸ்ட்டால் கெட்ட பீரைவிட, தாமதத்தைப் பார்த்துப் பதறியவர்களால் கெட்ட பீர் அதிகம் இருந்தால் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. சிலர் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். ஈஸ்ட்டுக்குப் பசி இல்லையே, சாப்பாடு முன்னாலேயே குவிந்திருக்கிறதே! சிலர் வாளியைச் சுடச்சுட வெந்நீரில் இறக்குகிறார்கள். அது எழுந்துவிடும்தான், ஆனால் அதிகச் சூட்டில் ஓடிய ஈஸ்ட் கூடவே தலைவலி ரக ஆல்கஹால்களையும் நெயில் பாலிஷ் மாதிரியான வாசனையையும் தயாரித்துக் கொடுக்கும்.

சார்லி பபேசியன், அமெரிக்க வீட்டு பீர் உலகின் பிதாமகர். படித்தது அணுசக்திப் பொறியியல், பார்த்தது பள்ளி ஆசிரியர் வேலை. 1984-ல் வெளியான அவருடைய புத்தகம், ஒரு தலைமுறைக்கே பாடநூலானது. அணு உலை படித்த மனிதர் வாசகர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது, பதறாதீர்கள் என்பதைத்தான். பதறியவர்களின் கடிதங்களை எவ்வளவு படித்திருப்பாரோ!

ஆனால், 'பதறாதே' என்பதற்கும் எல்லை உண்டு. உண்மையிலேயே ஆபத்தான அவசரம் வாளியில் இல்லை, பாட்டிலில் இருக்கிறது. குமிழி இல்லை என்பதால் 'முடிந்துவிட்டது' என்று நினைத்து, பாதி சர்க்கரை மிச்சமிருக்கிற பீரைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து மூடியை அழுத்திவிட்டால், உள்ளே போன ஈஸ்ட் தன் வேலையைத் தொடரும். வாயுவுக்குப் போக்கிடம் இருக்காது. பாட்டில் வெடிக்கும். சிதறுகிற கண்ணாடி, கையையும் கண்ணையும் பதம்பார்க்கும். அதனால்தான் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஹைட்ரோமீட்டரில் ஒரே எண், அதுவும் 1.010 மாதிரி எதிர்பார்த்த எண் வந்த பிறகே பாட்டிலைத் தொடுகிறார்கள் அனுபவசாலிகள்.

மூன்று முழு நாள், அதாவது 72 மணி நேரம் போய்விட்டது. மூடி இறுக்கமாக இருக்கிறது. வாளி கதகதப்பாக இருக்கிறது. நுரை இல்லை. ஹைட்ரோமீட்டர் எண் முதல் நாள் காட்டியதிலிருந்து ஒரு புள்ளிகூட நகரவில்லை. அப்போது ஈஸ்ட் நிஜமாகவே எழவில்லை. சாறு வாசனை மாறாமல் இருந்தால், தேதி பார்த்து வாங்கிய புது பாக்கெட் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் மறுநாளே 'ப்ளப்' கேட்டுவிடும். மேலே பூஞ்சை படர்ந்திருந்தாலோ, அழுகல் நாற்றம் அடித்தாலோ, ருசி பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது. நேராகச் சாக்கடைதான். பிறகு வாளியைத் தேய்த்துக் கழுவி, நன்றாக அலசி, அடுத்த சனிக்கிழமைக்குக் கவிழ்த்துவைக்க வேண்டியதுதான்.